சிறிய டிராவல் ட்ரெய்லருக்கு எந்தக் கேபிள், எந்த அடாப்டர்?

பதினேழு அடி நீளமுள்ள பழைய டிராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றை அமெரிக்காவில் வாங்கியிருப்பதாகவும், அதனுடன் 30 ஆம்பியர் கேபிள் ஒன்று மட்டும் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேம்ப்கிரவுண்டிலும் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) வீட்டு வாசலிலும் மின்சாரம் கொடுக்க வேறு என்னென்ன வாங்க வேண்டும், விற்றவர் எழுதிக் கொடுத்த நீண்ட பட்டியலில் எதை விட்டுவிடலாம், சர்ஜ் புரொடெக்டர் அவசியமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசியாக, வந்த பழைய கேபிளையே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியவை ஐந்து பொருள்கள்: நல்ல நிலையிலுள்ள 10 கேஜ் கேபிள், அதே தடிமனில் ஓர் எக்ஸ்டென்ஷன், இரண்டு அடாப்டர்கள், மின்சாரத்தின் தரத்தைப் பார்த்துத் தானே துண்டிக்கும் ஒரு காவல் கருவி. இவற்றோடு கையடக்கமான ஒரு மல்டிமீட்டரும், பழைய வீடுகளில் இணைப்பதற்கு ஒரு பேனா வடிவ டெஸ்டரும் இருந்தால் போதும். ட்ரெய்லர் மின்சாரத்தில் கோளாறு வருவது பெரும்பாலும் வயரில் அல்ல, வயரும் வயரும் சேரும் மூட்டுகளில்தான். அதனால் பட்டியல் நீள நீளப் பாதுகாப்பு கூடுவதில்லை. அடாப்டருக்கு மேல் அடாப்டராகக் கோத்துக்கொண்டே போனால் உள்ள பாதுகாப்பும் குறைகிறது.

30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 3600 வாட் என்று பொருள். மூன்று வயர்கள் மட்டுமே வருகின்றன: கறுப்பு நிறத்தில் ஹாட், வெள்ளையில் நியூட்ரல், பச்சையில் எர்த். நம் ஊர் வழக்கில் ஃபேஸ் என்று சொல்வதைத்தான் அங்கே ஹாட் என்கிறார்கள். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு ப்ரேக்கரின் (சுமை மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின்) அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மின்பணியாளர்களின் வழக்கமான கணக்கு; அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் நிம்மதியாக இருப்பது 24 ஆம்பியர், 2880 வாட்.

இது எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று பாருங்கள். கூரையில் இருக்கும் 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது 12 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும்; கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இழுக்கும். மைக்ரோவேவ் மேலும் 12 ஆம்பியர் கேட்கும். வெந்நீர்க் கொதிகலனில் மின் காயில் இருந்தால் சுமார் 1400 வாட், அதுவும் 12 ஆம்பியரை ஒட்டித்தான் வரும். பாட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் கண்ணுக்குத் தெரியாமல் ஐந்தாறு ஆம்பியரை எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஏசி ஓடும்போது மைக்ரோவேவைப் போடலாம், ஆனால் வெந்நீரை அணைத்துவிட்டுப் போட வேண்டும். இந்தச் சிக்கனத்தை எந்தத் தடிமனான கேபிளாலும் மாற்ற முடியாது, ஏனென்றால் ட்ரெய்லருக்குள் இருக்கும் முதன்மை ப்ரேக்கரே 30 ஆம்பியர்தான்.

கேபிளுக்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். உங்கள் கேபிளின் முனையில் இருப்பது டிடி-30 என்ற வகை ப்ளக்: சாய்வாக நிற்கும் இரண்டு தட்டைப் பின்கள், உருண்டையான ஓர் எர்த் பின். இது பார்வைக்குத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் 30 ஆம்பியர் ப்ளக்கைப் போலவே இருக்கும். ஆனால் உலர்த்தியின் சாக்கெட்டில் வருவது 240 வோல்ட், டிடி-30 சாக்கெட்டில் வர வேண்டியது 120 வோல்ட். வீட்டில் ட்ரெய்லருக்கென்று தனியாக ஒரு சாக்கெட் போடச் சொல்லும்போது, ‘30 ஆம்பியர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன், அனுபவமுள்ள மின்பணியாளர்கள்கூடப் பழக்கதோஷத்தில் இரட்டை ப்ரேக்கரைப் போட்டு 240 வோல்ட்டைக் கொடுத்துவிடுவது உண்டு. ப்ளக் பொருந்தும், ப்ரேக்கர் விழாது. உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சில நொடிகளில் போய்விடும். ட்ரெய்லர் மின்சாரத்தில் மிக அதிகச் செலவு வைக்கும் தவறு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதைத் தடுக்க ஒரு மல்டிமீட்டரும் அரை நிமிடமும் போதும். அதன் இரு முனைகளையும் சாக்கெட்டின் சாய்ந்த இரு துளைகளிலும் வைத்தால் 120 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு அந்த இரண்டையும் ஒவ்வொன்றாக உருண்டையான எர்த் துளையோடு சேர்த்துப் பார்த்தால், ஒன்றில் 120, மற்றொன்றில் ஏறத்தாழ பூஜ்யம் வர வேண்டும். சாய்ந்த துளைகளுக்கு இடையில் 240 என்று வந்தாலோ, இரண்டு துளைகளும் எர்த்தோடு 120 காட்டினாலோ, ட்ரெய்லரை அங்கே இணைக்கவே கூடாது. புதிதாகப் போட்ட எந்தச் சாக்கெட்டையும், போட்டவர் யாராக இருந்தாலும், இப்படிப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

இனி கேபிள். அமெரிக்க கேஜ் முறையில் எண் குறையக் குறைய வயரின் தடிமன் கூடும் என்பது புதியவர்களைக் குழப்பும் விஷயம். 10 கேஜ் செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு 5.26 சதுர மில்லிமீட்டர். 12 கேஜ் 3.31, 14 கேஜ் 2.08, தோட்ட வேலைக்கென்று விற்கும் மெல்லிய ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பெரும்பாலும் 16 கேஜ், அதாவது வெறும் 1.31. முப்பது ஆம்பியருக்கு 10 கேஜுக்குக் குறைவான எதையும் எடுக்கக் கூடாது. கேபிளின் உறைமேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘10/3’ என்றிருந்தால் 10 கேஜில் மூன்று வயர்கள் என்று பொருள். எஸ்டிடபிள்யூ, எஸ்ஜேடிடபிள்யூ போன்ற எழுத்துத் தொகுப்பில் கடைசியில் வரும் ‘டபிள்யூ’ என்ற எழுத்து, வெயிலிலும் மழையிலும் கிடக்கத் தகுந்த உறை என்பதைக் குறிக்கும். யுஎல், இடிஎல், சிஎஸ்ஏ ஆகியவற்றில் ஒன்றின் சோதனை முத்திரை இருக்க வேண்டும். முத்திரையும் இல்லாமல், கேஜும் எழுதாமல், ‘ஹெவி டியூட்டி’ என்று மட்டும் பெரிதாக எழுதியிருக்கும் கேபிளை நான் கையால்கூடத் தொடமாட்டேன்.

நீளத்தைப் பொறுத்தவரை, ட்ரெய்லரோடு வரும் கேபிள் பெரும்பாலும் 25 அல்லது 30 அடி இருக்கும். கேம்ப்கிரவுண்டில் மின்பெட்டியை, நிறுத்தப்பட்ட வண்டியின் இடப்புறத்தில், அதாவது ஓட்டுநர் பக்கத்தில், பின்பாதியை ஒட்டி அமைப்பது வழக்கம் என்பதால் பத்தில் எட்டு இடங்களில் இந்த நீளமே எட்டிவிடும். மீதி இடங்களுக்காக 25 அடியில் ஓர் எக்ஸ்டென்ஷன் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் டிடி-30, நடுவில் 10 கேஜ். ஐம்பது அடி ஏன் வேண்டாம் என்றால், நீளம் கூடும்போது மின்னழுத்தம் குறைகிறது, எடையும் கூடுகிறது. பயன்படுத்தாத நீளத்தைச் சுருட்டியபடியே விட்டு மின்சாரத்தை ஓட்டினால் நடுச்சுற்றுகளில் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். மிச்சக் கேபிளை எப்போதும் பாம்புபோல வளைத்து வளைத்துத் தரையில் பரப்பிவிடுங்கள்.

மின்னழுத்தம் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 16 கேஜ் கம்பியின் மின்தடை ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 4 ஓம். 50 அடிக் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 100 அடி, எனவே 0.4 ஓம். ஏசியின் 12 ஆம்பியர் அதன் வழியே ஓடினால் 4.8 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடும். 12 கேஜ் என்றால் இழப்பு 1.9 வோல்ட்தான். ஐந்து வோல்ட் போனால் என்ன என்று தோன்றலாம். கோடைப் பிற்பகலில், எல்லா ட்ரெய்லர்களிலும் ஏசி ஓடும் நேரத்தில், மின்பெட்டியிலேயே 120க்குப் பதிலாக 110 வோல்ட்தான் வந்துகொண்டிருக்கும். அதிலிருந்து ஐந்து போனால் 105. ஏசியின் மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தில் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டத்தை இழுக்கும், சூடாகும், கிளம்ப முடியாமல் உறுமும். இப்படியே சில கோடைகள் போனால் கம்ப்ரெஸர் கைவிட்டுவிடும்.

இப்போது மூட்டுக்கு வருகிறேன், ஏனெனில் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. உங்கள் 25 அடி, 10 கேஜ் கேபிளின் மொத்த மின்தடை, போகவும் வரவும் சேர்த்து, 0.05 ஓம். 24 ஆம்பியர் ஓடும்போது அதில் ஏறத்தாழ 29 வாட் சூடு பிறக்கிறது. இருபத்தைந்து அடியில் பரவிக் கிடப்பதால் தொட்டால்கூடத் தெரியாது. இப்போது கறுத்துப்போன ஒரு பின், தளர்ந்துபோன ஒரு சாக்கெட் ஆகிய இரண்டும் சேரும் ஓரிடத்தில் மட்டும் அதே 0.05 ஓம் மின்தடை உருவாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதே 29 வாட் இப்போது கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் பிறக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் சால்டரிங் அயர்ன் 25, 30 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ப்ளக்கின் பிளாஸ்டிக் ஏன் உருகுகிறது என்பது புரியும். சூடானால் சாக்கெட்டுக்குள் இருக்கும் வில்தகடு தன் இறுக்கத்தை இழக்கிறது. தளர்ந்தால் மின்தடை கூடுகிறது. கூடினால் மேலும் சூடாகிறது. இவ்வளவு நடந்தும் ப்ரேக்கர் விழாது, ஏனென்றால் அதன் கணக்கில் ஓடுவது வெறும் 24 ஆம்பியர்தானே.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கேம்ப்கிரவுண்டில், ஆடும் பல்லைப் போலத் தளர்ந்திருந்த சாக்கெட்டில், வேறு இடம் இல்லையே என்று ப்ளக்கைச் செருகிவிட்டு இரவெல்லாம் ஏசியை ஓட்டினேன். காலையில் பிடுங்கப் போனால் ப்ளக் வரவில்லை. ப்ரேக்கரை அணைத்துவிட்டு ஆட்டி ஆட்டி எடுத்தபோது ஒரு பின்னைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் பழுப்பாகிக் குழிந்திருந்தது. அந்தப் பின்னும் நீலம் பாய்ந்து நிறம் மாறியிருந்தது. மீன் அழுகியது போன்ற ஒரு வாடை அடித்தது. சூடான மின்சாதன பிளாஸ்டிக்குக்கே உரிய வாடை அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து, ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு மூட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இளஞ்சூடு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் சுமையைக் குறைத்துவிட்டு அந்த மூட்டைக் கவனிக்க வேண்டும்.

ட்ரெய்லர் பக்க முனையும் ஒரு மூட்டுதான், அதை மறந்துவிடுகிறோம். பல சிறிய ட்ரெய்லர்களில் கேபிள் கழற்ற முடியாதபடி உள்ளேயே இணைக்கப்பட்டு, சுவரில் இருக்கும் சிறு கதவின் வழியே வெளியே வரும். தூக்கித் திணிப்பது சள்ளையாக இருந்தாலும் ஒரு மூட்டு குறைவு என்பதால் அதை மாற்றச் சொல்லமாட்டேன். உங்களுடையது கழற்றும் வகை என்றால், செருகிச் சற்றே திருப்பிப் பூட்டிய பிறகு, அதன் வெளிவளையத்தையும் கடைசிவரை திருகி இறுக்க வேண்டும். வளையத்தை இறுக்காமல் விட்டால் கேபிளின் எடை ப்ளக்கைக் கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். மழை நீரும் உள்ளே இறங்கும். பழைய ட்ரெய்லர்களில் இந்த முனை எரிந்திருப்பது சாதாரணம், எனவே மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கருகிய தடம் இருந்தால் கேபிளை மட்டும் மாற்றிப் பயனில்லை. சுவரில் பதிந்திருக்கும் பகுதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடாப்டர்களில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று வட்டு வடிவம்: ஒரு பக்கம் பின், மறுபக்கம் துளை, நடுவில் வயர் இல்லை. மற்றொன்று இரு முனைகளுக்கும் இடையில் ஓரடி, ஒன்றரையடி கேபிள் உள்ளது; நாய்க்குப் போடும் எலும்பின் வடிவத்தில் இருப்பதால் ‘டாக்போன்’ என்றே பெயர். வட்டு வடிவத்தை வாங்காதீர்கள். கனமான 30 ஆம்பியர் கேபிள் முழுவதும் அதன்மேல் தொங்கும், இரு மூட்டுகளின் சூடும் ஒரே கட்டியில் தேங்கும், பிடுங்குவதற்குப் பிடியும் இருக்காது. பிடுங்க முடியாதவர்கள் கேபிளைப் பிடித்து இழுப்பார்கள். கேபிள் ப்ளக்குக்குள் தளர்வதற்கு அதுதான் முதல் காரணம். கைப்பிடி வைத்த டாக்போன் வகையே சரி.

உங்களுக்கு வேண்டிய முதல் அடாப்டர், 50 ஆம்பியர் சாக்கெட்டில் 30 ஆம்பியர் ப்ளக்கைச் செருகுவதற்கானது. ஐம்பது ஆம்பியர் இணைப்பில் 240 வோல்ட் வருமே என்று பயப்பட வேண்டாம். நான்கு துளைகள் கொண்ட அந்தச் சாக்கெட்டில் தலா 120 வோல்ட்டில் இரண்டு ஹாட் வயர்கள் வருகின்றன, அடாப்டர் அவற்றில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். சிறிய ட்ரெய்லர்காரர் இதை ஏன் வாங்க வேண்டும் என்றால், கேம்ப்கிரவுண்டில் அதிகமாகச் செருகிப் பிடுங்கித் தேய்ந்திருப்பது 30 ஆம்பியர் சாக்கெட்தான். பக்கத்திலேயே 50 ஆம்பியர் சாக்கெட் புத்தம்புதிதாக இறுக்கமாக நிற்கும். மேலே சொன்ன உருகிய ப்ளக் சம்பவத்தில் இந்த அடாப்டர் என்னிடம் இருந்திருந்தால் ஒரு கேபிள் மிஞ்சியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அப்போது கேபிளுக்கு முன்னால் காவலாக நிற்பது 50 ஆம்பியர் ப்ரேக்கர். ட்ரெய்லரின் 30 ஆம்பியர் ப்ரேக்கர் சுமையைக் கட்டுப்படுத்தினாலும், கேபிளே பழுதானால் அதைக் காக்க அதனால் முடியாது. நைந்த கேபிளோடு இந்த வேலை கூடாது.

இரண்டாவது, வீட்டுச் சாதாரணச் சாக்கெட்டில் செருகுவதற்கான 15 ஆம்பியர் அடாப்டர். இங்கே பலரும் செய்யும் தவறு, வீட்டுச் சுவரிலிருந்து ட்ரெய்லர்வரை சாதாரண எக்ஸ்டென்ஷனை இழுத்து, அதன் மறுமுனையில் அடாப்டரைப் போடுவது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அடாப்டரைச் சுவரிலேயே செருகிவிட்டு, அங்கிருந்து உங்கள் 10 கேஜ் எக்ஸ்டென்ஷனையும் கேபிளையும் கொண்டுபோங்கள். அப்போது வழி முழுவதும் தடிமனான செம்பு. தனியாக ஒரு 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் இந்த இணைப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். 15 ஆம்பியருக்கு 1800 வாட், தொடர்சுமைக்கு 1440. அந்தச் சாக்கெட் வீட்டின் வேறு விளக்குகளோடும் கராஜ் கதவோடும் ஒரே ப்ரேக்கரைப் பகிர்ந்துகொண்டிருக்கக் கூடும். பாட்டரி சார்ஜ் செய்ய, ஃப்ரிட்ஜைப் பயணத்துக்கு முந்தின நாள் குளிர்விக்க, விளக்குப் போட இது தாராளம். ஏசிக்கு இது ஏற்றதல்ல. ஓடும், ஆனால் சாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரியும்.

வீட்டில் செருகியதும் சாக்கெட்டின் ஜிஎஃப்சிஐ பொத்தான் தெறித்துக்கொண்டேயிருந்தால், பொத்தானைக் குறை சொல்லாதீர்கள். ஹாட் வழியாகப் போன மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய மின்சாரமும் 5 மில்லி ஆம்பியர் அளவில் வேறுபட்டாலே அது துண்டித்துவிடும். வெந்நீர்க் காயில் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். வெளிப்புறச் சாக்கெட்டில் ஈரம் இருக்கலாம். முந்தைய உரிமையாளர் யாரோ ட்ரெய்லரின் மின்பலகையில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக இணைத்திருக்கலாம். இவை இரண்டும் ட்ரெய்லருக்குள் எங்கேயும் சேரக் கூடாது. உள்ளே எல்லா ப்ரேக்கர்களையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டால் எந்தச் சுற்றில் கசிவு என்று பெரும்பாலும் அகப்பட்டுவிடும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் தெறித்தால், நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருப்பதாகச் சந்தேகப்பட வேண்டும்.

சர்ஜ் புரொடெக்டர் பற்றிய கேள்விக்கு என் பதில்: அது போதாது, இஎம்எஸ் (தொடக்கத்தில் நான் சொன்ன காவல் கருவி) வாங்குங்கள். வெறும் சர்ஜ் புரொடெக்டர், மின்னல் போன்றவற்றால் கணநேரம் வரும் உச்ச மின்னழுத்தத்தை உள்வாங்கித் தன்னை எரித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கேம்ப்கிரவுண்டில் ஆண்டு முழுவதும் நடக்கும் சில்லறைத் தொல்லைகள், அதாவது குறைந்த மின்னழுத்தம், எர்த் இல்லாத சாக்கெட், ஹாட்டும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட் ஆகியவற்றை அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அதிகம் போனால் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டும். இஎம்எஸ் என்பது மின்சாரத்தை முதலில் சோதித்து, சரியென்றால்தான் உள்ளே விடும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ 132க்கு மேலே ஏறினாலோ துண்டித்துவிடும் என்பது பரவலாகக் கிடைக்கும் மாடல்களின் அளவு. மறுபடி இணைக்கும்முன் ஏசி கம்ப்ரெஸரின் அழுத்தம் தணியச் சிறிது நேரம் காத்திருக்கவும் செய்யும். முன்னே சொன்ன 240 வோல்ட் சாக்கெட்டில் தெரியாமல் செருகிவிட்டாலும் அதை உள்ளே விடாது. விலை கூடுதல்தான். ஆனால் இந்தப் பட்டியலில் வேறு எதையும் பிறகு வாங்கலாம், இதை முதல் பயணத்துக்கு முன்பே வாங்குங்கள்.

மின்பெட்டியில் தொங்கவிடும் வகை, ட்ரெய்லருக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் வகை என்று இரண்டு கிடைக்கும். உள்ளே பொருத்துவது மழையிலிருந்தும் திருடர்களிடமிருந்தும் தப்பிக்கும். ஆனால் பழைய, முதல் ட்ரெய்லர் என்பதால் தொங்கும் வகையையே பரிந்துரைக்கிறேன்; அடுத்த வண்டிக்கும் அதைக் கொண்டுபோகலாம். பூட்டுவதற்கு ஒரு மெல்லிய இரும்புக் கயிறும் பூட்டும் போதும். அடாப்டர் போட வேண்டிய இடத்தில் வரிசை இப்படி இருக்கட்டும்: மின்பெட்டி, அடாப்டர், இஎம்எஸ், பிறகு கேபிள்.

இஎம்எஸ்ஸாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறு இருக்கிறது. எர்த் வயரே இல்லாத பழைய வீட்டில், மூன்று துளைச் சாக்கெட்டைப் போட்டுவிட்டு, நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் யாரோ இணைத்திருப்பார்கள். அதோடு ஹாட்டும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், எர்த் பின்னிலேயே 120 வோல்ட் வந்து நிற்கும். துளைகளுக்கு இடையிலான அளவுகள் எல்லாம் சரியாகவே காட்டும், மூன்று விளக்கு வைத்த சிறு சோதனைக் கருவியும் சரி என்றே சொல்லும், ஆனால் ட்ரெய்லரின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறியிருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவருக்கு அது ஆபத்து. தொடாமலே மின்சாரத்தை உணரும் பேனா வடிவ டெஸ்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய வீடுகளில் இணைத்தவுடன், கதவைத் தொடும் முன் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தருகே நீட்டிப் பாருங்கள். அது ஒலித்தால் வண்டியைத் தொடாமல் போய் வீட்டு ப்ரேக்கரை அணையுங்கள்.

ஜெனரேட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் இஎம்எஸ் வாங்குபவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் முட்டிக்கொள்வதால் சொல்லிவைக்கிறேன். கையில் தூக்கிச் செல்லும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. எனவே இஎம்எஸ் ‘எர்த் இல்லை’ என்று மின்சாரத்தை மறுத்துவிடும். ஜெனரேட்டரின் காலியான சாக்கெட் ஒன்றில் செருகி இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு ப்ளக் இதற்கென்றே கிடைக்கிறது. அதை ஜெனரேட்டரில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், வீட்டுச் சாக்கெட்டிலோ கேம்ப்கிரவுண்டிலோ ஒருபோதும் கூடாது.

இணைக்கும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத ஒழுங்கு ஒன்று உண்டு. மின்பெட்டியின் ப்ரேக்கரை அணைத்துவிட்டுத்தான் எதையும் செருகுவேன். ட்ரெய்லருக்குள் ஏசியும் வெந்நீரும் அணைந்திருக்கும். எல்லா மூட்டுகளையும் முழுவதும் அழுத்திவிட்டு ப்ரேக்கரைப் போட்டு, இஎம்எஸ் ஒப்புக்கொண்ட பிறகே சுமைகளைப் போடுவேன். கிளம்பும்போது ஏசியை அணைத்து, ப்ரேக்கரை அணைத்து, பிறகு பிடுங்குவேன். சுமையோடு பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பின்னில் ஒரு சிறு தீப்பொறி பறந்து புள்ளியாய்க் கருக்கும். முன்னே சொன்ன 0.05 ஓம் அப்படித்தான் சேர்கிறது. எக்ஸ்டென்ஷன் மூட்டு புல்லில் கிடக்கக் கூடாது. அதை ஒரு கல்மேல் தூக்கிவைத்து, மூட்டை மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கிவிடுங்கள். மின்பெட்டிக்கு ஏறும் கேபிள் சிறிது கீழே தொங்கிப் பிறகு ஏறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

விற்றவரின் பட்டியலில் நான் அடித்துவிடக் கூடியவை: கேபிளைச் சுருட்டும் சக்கரம், உள்ளே விளக்கு எரியும் அலங்கார ப்ளக், 30 ஆம்பியர் சாக்கெட்டில் 50 ஆம்பியர் ட்ரெய்லரை இணைக்கும் அடாப்டர் (உங்களுடையது 50 ஆம்பியரே அல்ல), இரண்டு சாக்கெட்டுகளிலிருந்து எடுத்து ஒன்றாக்கும் இரட்டை அடாப்டர். இழுக்கும் வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் இடையிலான ஏழு பின் இணைப்பு வேறு விஷயம்; அது 12 வோல்ட், விளக்குக்கும் ப்ரேக்குக்கும் உரியது. அதன் சார்ஜ் வயர் மெல்லியதாகையால் பயணத்தில் பாட்டரி நிரம்பிவிடும் என்று நம்ப வேண்டாம்.

இனி உங்களிடம் இருக்கும் பழைய கேபிள். முழு நீளத்தையும் வெயிலில் விரித்துக் கையால் தடவிக்கொண்டே போங்கள். உறை வெடித்திருந்தாலோ, எங்கேனும் நசுங்கித் தட்டையாகியிருந்தாலோ, இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் ஒன்று இருந்தாலோ அதை வைத்துக்கொள்ள வேண்டாம். உறை நன்றாக இருந்து, ப்ளக் மட்டும் பழுப்பேறியிருந்தால் கேபிளைத் தூக்கியெறியத் தேவையில்லை. கருகிய முனையிலிருந்து ஓரடி தள்ளி வெட்டுங்கள். உள்ளே செம்பு பளபளவென்று இருக்கிறதா பாருங்கள்; கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும்வரை மேலும் வெட்டுங்கள். திருகு வைத்த புதிய டிடி-30 ப்ளக்கில் பச்சையை உருண்டைப் பின்னின் பச்சைத் திருகிலும், வெள்ளையை வெள்ளித் திருகிலும், கறுப்பைப் பித்தளைத் திருகிலும் முறுக்கி, உறையைப் பற்றும் கவ்வியையும் இறுக்குங்கள். முதல் பயணம் முடிந்து வந்ததும் ப்ளக்கை மறுபடி திறந்து மூன்று திருகுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். பல இழைகள் கொண்ட செம்புக் கம்பி முதல் சில முறை சூடாகி ஆறும்போது சற்று அமுங்கும், திருகு கால் சுற்றாவது உள்ளே போகும்.